ஏழெட்டு மைல் நடந்தப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர முப்பது வருஷத்துக்கு மேல வாங்கிப் படிக்கேன், ஆனா லெட்டர் எழுதுறது இதுதான் மொத தடவ, அதுவும் போன்ல பாதி வாயால சொல்லி பாதி விரலால அடிச்சுட்டு இருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே பாத்து திருத்திக்கோங்க, ரிட்டயர்டு டீச்சரே இப்படி எழுதலாமான்னு கேட்றாதீங்க. போன ஞாயித்துக்கெழம இணைப்புல ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்கணும்னு பெருசா ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அதே வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர், காவி கட்டிட்டு மாதா கோயிலுக்கு நடந்து போறவங்களால ரோட்ல வண்டி ஓட்ட முடியல, பஸ்சு ரயிலு இவ்வளவு இருக்கும்போது இந்தக் காலத்துல எதுக்கு நடக்கணும், இதெல்லாம் ஒரு பக்தியான்னு காட்டமா எழுதியிருந்தாரு. ரெண்டையும் ஒரே வாரத்துல படிச்சப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. கையில கட்டுன வாட்ச் சொல்லி நடந்தா ஆரோக்கியம், நேர்ச்சைக்கு நடந்தா பைத்தியக்காரத்தனமா? அந்தப் பத்தாயிரம் கணக்குமே 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவிய விக்கறதுக்கு வச்ச பேர்ல இருந்து வந்ததுதான், மான்போகேய்னு பேரு, பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விளம்பரத்துக்கு வச்ச பேர உலகமே வேதவாக்கா எடுத்துக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்துட்டு இருக்கு. சரி அது கெடக்கட்டும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் இல்ல. எங்க பக்கம் நேர்ச்சை, பாதயாத்திரை எல்லாம் கெடையாது, சின்ன வயசுல நானும் கேலி பண்ணவதான். ஆகஸ்ட் அஞ்சாம் தேதி தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு எங்க ரோடு வழியா கூட்டம் கூட்டமா நடந்து போவாங்க, நாங்க வீட்டு கேட்ல நின்னு வேடிக்கை பாத்துட்டு ‘கிருபையினாலே ரட்சிப்பு, காலால இல்ல’ன்னு ஜோக் அடிச்சுக்குவோம். அப்படிப்பட்ட நான் அவங்களுக்காக வக்காலத்து வாங்குறேன்னா அதுக்கு கொஞ்சம் கத இருக்கு, பொறுமையா படிங்க.

எங்க தாத்தா உபதேசியார், அதாவது பாதிரியாருக்குக் கீழ ஊர் ஊரா போய் ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக் குடுக்கறவரு. தேரிக்காட்டு பக்கம் நாலஞ்சு ஊரு அவருக்கு, ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு நடைதான், சைக்கிள் ஓட்ட கடைசி வரைக்கும் அவருக்கு வரல. தேரி மணல்ல நடந்தவங்களுக்குத்தான் தெரியும், செவப்பு மணலு, ஒரு அடி எடுத்து வச்சா அர அடி பின்னால இழுக்கும், காலைல பத்து மணிக்கு மேல கால் வைக்க முடியாது, பொசுக்கிப்புடும், ஒரு பனை நிழல்ல இருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடி ஓடி நிக்கணும். லீவுக்குப் போனா நான் அவரு கூடவே போவேன், பைபிளும் ஞானப்பாட்டும் இருக்கிற துணிப்பை என் தோள்ல. திடப்படுத்தல் கிளாசுக்கு (முதல் தடவ நற்கருணை எடுக்கறதுக்கு முன்னால படிக்கிற கிளாஸ்) உள்ள பசங்களும் பின்னால வருவாங்க, கிளாஸ் கோயிலுக்குள்ள நடந்தத விட அந்த மணல்லதான் அதிகமா நடந்துச்சு. ஒரு நாள் பனையேறி ஒருத்தர் தளைநார கால்ல மாட்டிட்டு ஏறப் போறாரு, தாத்தா அவரக் கூப்பிட்டு ‘ஏம்பா, ஏறும்போது மேல பாக்கணுமா கீழ பாக்கணுமா, இந்தப் பிள்ளைளுக்கு சொல்லு’ன்னாரு. அவரு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ‘ரெண்டும் இல்ல ஐயரே, கை வைக்கிற எடத்தப் பாக்கணும்’னு சொல்லிட்டு ஏறிட்டாரு. தாத்தா அதுக்கு மேல ஒண்ணும் வெளக்கம் சொல்லல. (எங்க பக்கம் பாதிரியாரத்தான் ஐயருன்னு சொல்றது, தாத்தா பாதிரியார் இல்ல, ஆனா ஊர்ல எல்லாரும் ஐயருன்னுதான் கூப்பிடுவாங்க, அவரும் திருத்த மாட்டாரு, அது வேற கத.) ராத்திரி திரும்பி வரும்போது அரிக்கேன் லைட் எங்கிட்ட குடுத்துருவாரு, அது வெளிச்சம் நாலு அடிக்குத்தான் இருக்கும், அதத் தாண்டி கும்மிருட்டு. ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்’னு சங்கீதத்துல வர்றத நான் சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி பிரைஸ் எல்லாம் வாங்கியாச்சு, ஆனா அது எவ்வளவு கம்மியான வெளிச்சம்னு அந்த மணல்லதான் தெரிஞ்சுது. ஊரே தெரியுற மாதிரி லைட் போட்டுக் குடுப்பேன்னு அதுல எங்கயும் இல்ல.

தாத்தாவுக்கு பிடிச்ச வசனம் பைபிள்ல உபாகமம் ஆறாம் அதிகாரத்துல இருக்கு, பிள்ளைகளுக்கு ‘கருத்தாய்ப் போதித்து’, வீட்ல உக்காந்திருக்கும்போதும் ‘வழியில் நடக்கிறபோதும்’ பேசணும்னு. அந்த ‘வழியில்’ங்கறத நாமதான் நைசா விட்டுட்டோம், உக்கார வச்சு சொல்றத மட்டும் புடிச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு பாருங்க, பைபிள்ல விசுவாசத்தப் பத்தி சொல்ற எடத்துல எல்லாம் உக்காரு, நில்லுங்கறத விட நடங்கறதுதான் ஜாஸ்தி. ஏனோக்கு தேவனோட சஞ்சரிச்சான். ஆபிரகாமுக்கு எங்க போறோம்னே சொல்லல, கெளம்புன்னு மட்டும் சொல்லியாச்சு. பவுல் ‘நாம் தரிசித்து நடவாமல், விசுவாசித்து நடக்கிறோம்’னு எழுதுறாரு. கிறிஸ்தவங்கன்னு பேரு வர்றதுக்கு முன்னாடியே அப்போஸ்தலர் நடபடிகள்ல இவங்கள ‘இந்த மார்க்கத்தார்’னுதான் சொல்றாங்க, மார்க்கம்னா வழிதானே, வழில போறவங்கன்னு அர்த்தம், வந்து சேந்துட்டவங்கன்னு இல்ல. அந்த புஸ்தகத்துக்கே தமிழ்ல பேரு நடபடிகள்! நம்ம தமிழே அப்படித்தான் இருக்கு, நடத்தை, நடவடிக்கை, நடைமுறை, நெறி, ஏன் வழிபாடுங்கற வார்த்தைக்குள்ளயே வழி கெடக்கு. ஆற்றுப்படைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, பரிசு வாங்கிட்டு வர்ற பாணன் எதிர்ல பசியோட வர்றவன் கிட்ட இந்தப் பக்கமா போ, இன்னாரு இருக்காருன்னு வழி சொல்றது. ரெண்டு பேரும் வழிப்போக்கனுங்கதான், ஒருத்தன் கொஞ்சம் முன்னால போயிட்டு வந்தவன், அவ்வளவுதான் வித்தியாசம். இதவிட நல்லா ஒரு வாத்தியார் வேலைய யாரும் சொல்லிட முடியாது. வள்ளுவர் மட்டும்தான் கற்றபின் ‘நிற்க’ன்னுட்டாரு, எங்க ஸ்டாஃப் ரூம்ல தமிழம்மா கிட்ட இத வச்சு வம்பு இழுத்துட்டே இருப்பேன்.

இப்ப நான் செஞ்ச தப்ப சொல்லணும். முப்பது வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்திருக்கேன், வாரநாள்ல ஸ்கூல்ல சயின்ஸ். ஒரு ஈஸ்டர் முடிஞ்சு எம்மாவு பாடம் எடுத்துட்டு இருக்கேன், லூக்கா 24. உங்க வாசகர்கள்ல தெரியாதவங்க இருப்பாங்க, சுருக்கமா சொல்றேன். இயேசு செத்து மூணாவது நாள், அவரோட சீஷர்கள்ல ரெண்டு பேரு எருசலேம்ல இருந்து ஏழெட்டு மைல் தள்ளி இருக்கிற எம்மாவுங்கற கிராமத்துக்கு நடந்து போறாங்க, ஒருத்தர் பேரு கிலெயோப்பா, இன்னொருத்தர் பேரே இல்ல. சோகமா பேசிக்கிட்டே போறாங்க. உயிரோட எழுந்த இயேசுவே பக்கத்துல வந்து கூட நடக்கறாரு, இவங்களுக்கு அடையாளம் தெரியல. என்ன பேசிட்டு வர்றீங்கன்னு ஒண்ணுந் தெரியாதவரு மாதிரி கேக்கறாரு. இவங்களும் உமக்குத் தெரியாதா, ஊரே பேசுதேன்னு அவரப் பத்தி அவருகிட்டயே கத சொல்றாங்க. அவரு தான் நமக்கு விடிவுகாலம் கொண்டு வருவாருன்னு ‘நம்பியிருந்தோம்’ அப்டிங்கறாங்க. நம்பறோம்னு இல்ல, நம்பியிருந்தோம், அதாவது இப்ப இல்ல. அப்புறம் அவரு மோசேல இருந்து ஆரம்பிச்சு எல்லா வேதத்தையும் வழி நெடுக வெளக்குறாரு, ஊர் வந்துருது, அவரு தாண்டி போறவர் மாதிரி காட்டிக்கறாரு, இவங்க பொழுது சாஞ்சிருச்சு எங்ககூட தங்கும்னு வற்புறுத்தி கூட்டிட்டுப் போறாங்க, பந்தியில உக்காந்து அப்பத்த எடுத்துப் பிட்டுக் குடுக்கும்போதுதான் கண்ணு தெறக்குது, யாருன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே அவரு மறஞ்சிடறாரு.

இத நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாய் தெறக்காம இருந்த ஒரு பையன், ஆறாவதோ ஏழாவதோ படிச்சிட்டிருந்தான், எந்திரிச்சு ‘டீச்சர், நான்தான் இயேசுன்னு அவரு மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் சோகமா நடந்திருக்க வேண்டாம்லா?’ன்னு கேட்டான். அன்னைக்கு டைம் ஆகிப்போச்சு, ஆராதனை மணி அடிக்கப் போகுது, மனப்பாட வசனம் வேற ஒப்பிக்க வைக்கணும். ‘உக்காருல, அதெல்லாம் தேவனோட சித்தம்’னு சொல்லி அமத்திட்டேன். அவனும் உக்காந்துட்டான். அதுக்கப்புறம் அவன் எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல, பத்தாவது முடிச்சப்புறம் கோயில் பக்கமும் காணல. அந்த ஒரு கேள்வியாலதான்னு சொல்ல வரல, பையங்க ஆயிரம் காரணத்துக்கு நின்னுருவாங்க. ஆனா சயின்ஸ் கிளாஸ்ல ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தா பாடத்த நிறுத்திட்டு பதில் சொல்லியிருப்பேன், அவன் தோள்ல தட்டிக் குடுத்திருப்பேன். அதே டீச்சர் ஞாயித்துக்கெழம ஆனா வேற ஆளா மாறிட்டேன், இத யோசிச்சாத்தான் இப்பவும் வெக்கமா இருக்கு.

அவன் கேட்டதுக்கு பதில் எனக்குக் கெடச்சது ரிட்டயர் ஆனப்புறம், வ.உ.சி. மைதானத்துல. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு விட்டாங்க, டாக்டர் தெனம் முக்கால் மணி நேரம் நடக்கணும், கூட யாராவது போகணும்னுட்டாரு, அந்த யாராவது நான்தான். அவரு வீட்ல பேசுற ஆளே இல்ல. சாப்பாட்டு மேசைல எதிரெதிர்ல உக்காந்தா பேப்பர் (உங்க பேப்பர்தான்) நடுவுல வந்துரும். நடக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கழிச்சுன்னு நெனைக்கேன், மூணாவது ரவுண்டுல திடீர்னு கேட்டாரு, ‘பாப்பா போனப்புறம் நீ கொஞ்ச நாளு ஜெபம் பண்ணலயே, திரும்ப எப்ப ஆரம்பிச்ச?’ன்னு. எங்களுக்கு மொதப் பிள்ள பொறந்து ஒம்பது நாள்ல போயிருச்சு. முப்பத்துநாலு வருஷமா அவரு அதப் பத்தி வாயே தெறந்ததில்ல, நான் ஜெபம் பண்ணலங்கறத கவனிச்சிருக்காருங்கறதே எனக்குத் தெரியாது, குடும்ப ஜெபத்துல வாய் அசச்சுட்டுதான் இருந்தேன். நானும் ரோட்டப் பாத்துக்கிட்டே பதில் சொன்னேன், அவரும் ரோட்டப் பாத்துக்கிட்டே கேட்டுட்டு வந்தாரு. மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா அவரும் கேட்டிருக்க மாட்டாரு, நானும் சொல்லியிருக்க மாட்டேன். என்ன சொன்னேன்கறது இந்த லெட்டருக்கு வேண்டாம்.

அன்னைக்கு ராத்திரி எம்மாவு கதைய எடுத்துத் திரும்பப் படிச்சேன். நடக்கறவங்க பக்கவாட்டுல இருக்காங்க, பந்தில எதிர எதிர உக்காராங்க. வழில முகம் தெரியல, பேச்சு மட்டும்தான். அவரு மொதல்லயே நான்தான்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும், ரெண்டு பேரும் அங்கயே கால்ல விழுந்திருப்பாங்க, கத முடிஞ்சிருக்கும். ‘நம்பியிருந்தோம்’னு மனசுல கெடந்தத அவரு முகத்துக்கு நேரா எப்படி சொல்லுவாங்க? தப்பும் தவறுமா அவங்க சொல்ற வெர்ஷன முழுசா சொல்ல விட்டுட்டு, நடுவுல குறுக்க பேசாம கேட்டு, அப்புறம்தான் அவரு ஆரம்பிக்காரு. ஆரம்பிச்சதும் ‘புத்தியில்லாத மந்த இருதயமுள்ளவர்களே’ன்னு ஒரு திட்டும் விழுது, அதயும் மறைக்கல லூக்கா. பிள்ளைங்க தப்பான பதில சொல்லும்போது கடைசி வரைக்கும் சொல்ல விடணும்னு பி.எட்ல எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் அந்தப் பையன சொல்ல விடல. இன்னொன்னும் கவனிச்சேன், தெரிஞ்சப்புறம் அந்த ரெண்டு பேரும் ராத்திரின்னு பாக்காம அதே ஏழெட்டு மைலத் திரும்ப எருசலேமுக்கு நடந்திருக்காங்க. பொழுது சாஞ்சிருச்சு தங்குங்கன்னு சொன்னவங்களே!

சரித்திரத்துலயும் எங்க பக்கத்துல இதுக்கு ஆள் இருக்கு. புனித சவேரியார் 1542ல முத்துக்குளித்துறைக்கு, அதான் எங்க தூத்துக்குடி கடற்கரைப் பக்கம், வந்தப்ப அவருக்குத் தமிழ் தெரியாது, தெரிஞ்சவங்கள வச்சு ஜெபங்கள மொழிபெயர்த்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில ஒரு மணிய வச்சுக்கிட்டு கடற்கரை ஊருல்லாம் நடந்து மணியடிச்சு பிள்ளைங்களையும் பெரியவங்களையும் கூட்டி சொல்லிக் குடுத்திருக்காரு. மணப்பாடுக்குப் போனவங்களுக்கு அவரு தங்குனதா சொல்ற குகை தெரியும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரு பண்ண தப்புதான். 1544ல கூட வேலை செஞ்ச மன்சிலாஸ்ங்கறவருக்கு எழுதுன லெட்டர்ல, விசுவாசப் பிரமாணத்துல ‘வேணும்’னு சொல்லாத, ‘விசுவாசம்’னு மாத்திச் சொல்லு, வேணும்னா ஆசப்படுறேன்னு அர்த்தம் ஆகுதுன்னு எழுதுறாரு. அதாவது அதுவரைக்கும் விசுவசிக்கிறேன்னு சொல்ல வேண்டிய எடத்துல ஜனங்கள வேணும்னு சொல்ல வச்சிட்டிருந்திருக்காங்க! நடந்து நடந்து, ஜனங்க பேசுறதக் கேட்டுக் கேட்டுத்தான அத திருத்தியிருக்க முடியும், கோவாவுல ரூம்ல உக்காந்திருந்தா அது அப்படியேதான் இருந்திருக்கும். இன்னைக்கும் நம்ம ஜெபத்த எல்லாம் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா பாதிக்கு மேல வேணும் வேணும்தான், என்னோடதும் சேத்துத்தான்.

மிஷனரியா வந்த கால்டுவெல்லும் அப்படித்தான். 1841ல சென்னைல இருந்து இடையன்குடிக்கு வந்தாரு, பல்லக்குல வரல, நீலகிரி வழியா சுத்தி நடந்தே வந்தாரு, நேரா வந்தாலே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல, அவரு சுத்தினது எவ்வளவோ. ஜனங்க எப்படி இருக்காங்க, எப்படிப் பேசுறாங்கன்னு பழகித் தெரிஞ்சுக்கணும்னுதான் அந்த நடை. 1856ல வந்த திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்த எல்லாரும் பெருமையா சொல்றோம், 1968ல மெரினாவுல செலையும் வச்சாச்சு, அந்தப் புக்குக்கு விதை லைப்ரரில விழுந்ததவிட ரோட்ல விழுந்ததுதான் அதிகம்னு நான் நெனைக்கேன். ஆனா நடந்துட்டா எல்லாம் சரியாயிரும்னும் சொல்லிட முடியாது. அவ்வளவு தூரம் நடந்த மனுசன்தான் 1849ல நாடார்களப் பத்தித் தாழ்வா ஒரு புஸ்தகம் எழுதி, அந்த ஜனங்களே மனசு நொந்து எதிர்த்து நின்னாங்க, எங்க பக்கத்து முக்குப்பேரில 1857ல தனி சபையே உண்டாச்சு, அதுக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். கூட நடந்தவங்க சொன்னத அவரு எவ்வளவு காதுல வாங்குனாரோ. ஸ்கூல் பிள்ளைங்கள இடையன்குடிக்கு கூட்டிட்டுப் போறப்ப எல்லாம் ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன், கூட வர்ற டீச்சர்ஸ் சிலருக்கு அது பிடிக்காது.

கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைய விட்டுட்டா எங்க தாத்தா கனவுல வந்து திட்டுவாரு. 1827ல கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பொறந்தவரு, 1853ல சாயர்புரத்துல தமிழ் வாத்தியாரா சேந்தாரு, சுத்தி கிறிஸ்தவங்க, கையில பைபிள், ஆனா ஞானஸ்நானம் எடுத்தது 1858ல. அஞ்சு வருஷம் ஆயிருக்கு. இப்ப உள்ள நற்செய்திக் கூட்டம் மாதிரி கை தூக்குனா முடிஞ்சுதுன்னு இல்ல. அவரு மாறுனப்புறமும் கம்பனையும் ஆழ்வாரையும் தூக்கிப் போடல, கூடவே கூட்டிட்டுதான் வந்தாரு, அதனாலதான் 1894ல ரட்சணிய யாத்திரிகம் அப்படி ஒரு தமிழ்ல வந்துச்சு, ஜான் பனியன்னு ஒரு இங்கிலீஷ்காரர் எழுதுன மோட்சப் பயணக் கதைய எடுத்துக்கிட்டு மூவாயிரத்து எழுநூறு பாட்டுக்கு மேல விருத்தத்துலயே பாடிட்டாரு. தலைப்ப கவனிங்க, யாத்திரிகம். அதப் படிச்சவங்க எங்க சபைலயே எத்தன பேருன்னு கேட்டா சத்தம் வராது, நானே முழுசா முடிக்கல, உண்மையச் சொல்லிடறேன்.

இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுத்தான் மே மாசம் விபிஎஸ் (லீவுல பிள்ளைங்களுக்கு சபைல நடத்துற பைபிள் கிளாஸ்) மீட்டிங்ல ஒரு யோசன சொன்னேன். பத்து நாளும் டீ-ஷர்ட், ஆக்சன் சாங், சர்டிபிகேட்டுன்னு ஃபேனுக்கு கீழயே ஓட்டறோம், ஒரு நாள் காலைல மட்டும் பிள்ளைங்கள பெரியவங்க கூட ரெண்டு ரெண்டு பேரா எம்மாவு மாதிரி நடக்க வைப்போம், பாடம் ஒண்ணும் வேண்டாம், பிள்ளைங்க கேக்கட்டும், பெரியவங்க தெரிஞ்சத சொல்லட்டும், தெரியாதத தெரியலன்னு சொல்லட்டும்னு. வெயிலு, நாயி, வண்டி, யாரு பொறுப்புன்னு கமிட்டில ஒரே சத்தம், தள்ளி வச்சுட்டாங்க. சரின்னு நானும் எங்க வீட்டுக்காரரும் பக்கத்துத் தெரு பிள்ளைங்க பதினோரு பேர விடியக்காலைல அஞ்சரைக்கு கூட்டிட்டு குளத்தாங்கரை வரைக்கும் போயிட்டு ஏழரைக்குள்ள திரும்பிட்டோம், ஆளுக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய், செலவு அவ்வளவுதான். மொத பதினஞ்சு நிமிஷம் ஒருத்தனும் கேக்கல, கிரிக்கெட் பேசிட்டு வந்தானுங்க, எனக்கே சப்புன்னு ஆயிருச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. செத்த நாய் ஒண்ணு கெடந்துச்சு, அதுக்கு மோட்சம் உண்டான்னு ஒருத்தன். பிரேயர் பண்ணா மார்க் வரும்னா படிக்காதவனும் பண்ணலாமேன்னு ஒருத்தன்.

நாலாவது படிக்கிற ஒரு பொம்பளப்பிள்ள கேட்டதுதான் என்னைய நிறுத்திருச்சு. ‘ஆச்சி, நடக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?’ அவ வீட்ல பாட்டி ரெண்டு வருஷமா படுக்கைல. நடை நடைன்னு மூச்சுக்கு முந்நூறு தடவ சொல்லிட்டு வந்தவளுக்கு வாய் அடச்சுப் போச்சு. கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசாம நடந்துட்டு, மாற்கு ரெண்டாம் அதிகாரத்துல திமிர்வாதக்காரன நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு வந்து, கூட்டத்துல உள்ள நுழைய முடியாம கூரையப் பிரிச்சு எறக்குனத சொன்னேன். அங்க இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’க் கண்டாருன்னு இருக்கு, அவன் விசுவாசத்தன்னு மட்டும் இல்ல. அந்தப் பிள்ள ‘அப்ப பாட்டிக்கு நாலு பேரு வேணுமா?’ன்னா. ஆமா மக்கான்னேன். அவ விரல விட்டு எண்ணிக்கிட்டே வந்தா, அம்மா, அப்பா, நானு... நாலாவது ஆளு கெடைக்கல போல, என்னையப் பாத்தா. இப்ப செவ்வாக்கெழம செவ்வாக்கெழம அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாரேன். பனியன் பன்னெண்டு வருஷம் பெட்ஃபோர்ட் ஜெயில்ல கெடந்தவரு, நாலு சுவத்துக்குள்ள இருந்த மனுசன்தான் அவ்வளவு பெரிய நடைய எழுதியிருக்காரு, அந்தப் பாட்டியும் படுத்துக்கிட்டே எங்கெங்கயோ போயிட்டு வர்றாங்க, எங்க பக்கத்து நாசரேத் ஊர்ல அவங்க பொறந்த தெருவுல வீடு வீடா பேரு சொல்லுவாங்க.

கடைசியா, ரோட்ட அடைக்கறாங்கன்னு எழுதுனவருக்கு. அவரு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, ராத்திரில இருட்டுல கும்பலா நடந்து போறது ஆபத்துதான், வண்டிக்காரனுக்கும் தெரியாது. அதுக்கு நடக்காதன்னு சொல்றதுக்கு பதிலா, முதுகுல ஒட்டற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சபைகளே வாங்கிக் குடுக்கலாம், ஓரத்துல முள்ளு வெட்டி நடக்க எடம் விட்டுக் குடுக்கச் சொல்லி எழுதலாம், மாலை போட்டு திருச்செந்தூருக்கு நடக்கற முருக பக்தர்களுக்கும் அதே ஓரந்தான் உதவும். போன ஆகஸ்ட்ல எங்க கேட்ல கொடத்துல தண்ணியும் எலுமிச்சம்பழமும் வச்சோம், ஆமா, நாங்க சிஎஸ்ஐதான். ஒரு பொண்ணு திண்ணைல உக்காந்து ஹவாய் செருப்பக் கழட்டுனா, குதிகால்ல ஐஞ்சு ரூவா அகலத்துக்குக் கொப்புளம், ஒடஞ்சு மண்ணு ஒட்டியிருக்கு. மஞ்சப்பொடி எண்ண தடவிக்கிட்டே மாதாகிட்ட என்னம்மா கேக்கப் போறன்னு விசாரிச்சேன், கொஞ்சம் வம்புக்குத்தான் கேட்டேன். அவ சிரிச்சுட்டு ‘கெளம்பும்போது பெரிய லிஸ்ட்டே வச்சிருந்தேங்க்கா, வீட்டுக்கடன், தம்பிக்கு வேலை, எல்லாம். ரெண்டாவது நாள்ல இருந்து ஒண்ணுமே ஞாபகம் வரல, சும்மா அவங்களப் பாக்கணும் போல இருக்கு, அம்புட்டுதான்’னு சொல்லிட்டு செருப்ப கையில எடுத்துக்கிட்டு நொண்டி நொண்டிப் போனா. எனக்கு சவேரியார் திருத்துன அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு.

லெட்டர் நீளமாயிருச்சு, நீங்க எப்படியும் வெட்டித்தான் போடுவீங்க, அந்தப் பையன் கேட்ட கேள்விய மட்டும் வெட்டிறாதீங்க, அவன் எந்த ஊர்ல இருந்தாலும் உங்க பேப்பர் போற ஊராத்தான் இருக்கும். மணி அஞ்சே காலு, எங்க வீட்டுக்காரரு ஷூ மாட்டிட்டு கேட்ல நின்னு தொண்டையச் செருமுதாரு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை